முழங்கையார் புராணம்

புராணம் என்றால் நாட்டுச் சிறப்பில் தொடங்குவது மரபு. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தை வைத்துக்கொண்டு அந்த மரபைக் காப்பாற்றுவது கஷ்டம். அங்கே கோதுமை விளையும். கோதுமை விளையாத மாதங்களில் பனி விளையும். மாடமாளிகை, கூடகோபுரம், வாளை துள்ளும் வயல் எதுவும் கிடையாது. ஆகவே நேரே கதாநாயகன் பிறப்புக்குப் போய்விடலாம். 1928 மார்ச் 31 அன்று ஃப்ளோரல் என்ற சிற்றூரில், ஒன்பது பிள்ளைகள் பெற்ற ஆப் ஹாவ், கேத்ரின் தம்பதிக்கு கோர்டி ஹாவ் பிறந்தார். பிறந்த சில நாளிலேயே குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்திலிருந்த சஸ்கட்டூன் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது.

பிற்காலத்தில் ஐஸ் ஹாக்கி உலகம் இவரை ‘மிஸ்டர் ஹாக்கி’ என்று கொண்டாடியது. எதிரணிக்காரர்கள் வைத்த பெயர் ‘மிஸ்டர் எல்போஸ்’, அதாவது முழங்கையார். முதல் பெயரை மனைவி கொலீன் வணிக முத்திரையாகப் பதிவு செய்தார். இரண்டாவதைப் பதிவு செய்ய அவசியமே வரவில்லை. அது பலருடைய தாடையில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது.

முழங்கையார் முதன்முதலில் சறுக்குக் காலணி கண்ட படலம் சிறியது. 1930களின் பெரும் பஞ்சகாலம். பால் வாங்கக் காசில்லாத பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பழைய சாமான் நிறைந்த ஒரு சாக்கைக் கொண்டுவந்தாள். கேத்ரின் ஒன்றரை டாலர் கொடுத்து வாங்கினார். உள்ளே பெரியவர்கள் அளவில் ஒரு ஜோடி ஐஸ் ஸ்கேட்ஸ். ஒன்றை கோர்டி பறித்தார், மற்றொன்றை அக்கா பறித்தாள். இருவரும் ஆளுக்கொரு காலால் பனியில் நொண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அக்காவின் பங்கைச் சில்லறைக் காசு கொடுத்து விலைக்கு வாங்கினார். கோர்டி ஹாவ் தன் வாழ்க்கையில் சாமர்த்தியமாகப் பேசி முடித்த பேரம் இது ஒன்றுதான். அடுத்த நாற்பது வருஷத்துக்கு இப்படி இன்னொன்று அமையவில்லை.

பள்ளிக்கூடம் அவரை மூன்றாம் வகுப்பில் இரண்டு தடவை உட்காரவைத்தது. கூச்ச சுபாவம் வேறு. ஆனால் கோடையில் அப்பாவோடு கட்டட வேலைக்குப் போய், கைக்கொன்றாக இரண்டு சிமென்ட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் உடம்பு. பிற்காலத்தில் அந்தக் கைகளின் பலத்தை ஆராய்ந்து பக்கம் பக்கமாக எழுதியவர்கள் உண்டு. சிமென்ட்தான் காரணம் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம்.

பதினைந்து வயதில், 1943இல், நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி வின்னிபெக்கில் நடத்திய தேர்வு முகாமுக்குப் பையனை அழைத்தது. காப்பு உடுப்புகளை எதன்மேல் எதை மாட்டுவது என்றே தெரியாது. பக்கத்தில் இருந்தவன் எப்படி மாட்டுகிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்து மாட்டிக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் பெரிய பையன்கள் முந்திக்கொண்டார்கள். இவருக்குப் பாதி வயிறுதான். ரேஞ்சர்ஸ்காரர்களுக்குப் பையனைப் பிடித்துத்தான் இருந்தது. வில்காக்ஸ் என்ற ஊரில் விடுதியோடு கூடிய கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்து, படிக்கவைத்து, ஆட்டக்காரனாக்குகிறோம் என்றார்கள். பையன் வீட்டு ஞாபகம் வந்து ஊருக்கு ரயிலேறிவிட்டான். நியூயார்க் அந்த நூற்றாண்டில் கோட்டைவிட்ட பெரிய சொத்துகளில் இதுவும் ஒன்று.

மறுவருஷம் டெட்ராய்ட் ரெட் விங்ஸ். முகாம் நடந்த இடம் வின்ட்சர். ஆற்றுக்கு இந்தப்பக்கம் கனடா, அந்தப்பக்கம் அமெரிக்காவின் டெட்ராய்ட். அணியின் சர்வாதிகாரி ஜாக் ஆடம்ஸ். நிர்வாகம், பயிற்சி, ஆள் எடுப்பு, ஆள் விற்பனை, கத்தல் ஆகிய அனைத்து இலாகாக்களும் அவர் கையில். ஒப்பந்தத்தை நீட்டினார். பதினாறு வயதுப் பையன் கேட்டது ஒன்றே ஒன்று: அணியின் பெயர் பொறித்த ஜாக்கெட் ஒன்று. தருகிறேன் என்றார் ஆடம்ஸ். பையன் கையெழுத்துப் போட்டான். ஜாக்கெட் வரவில்லை. அணியோ அவரை கால்ட் என்ற ஊருக்கு அனுப்பியது. இடமாற்ற விதிகளின் சிக்கலால் ஆட்டங்களில் இறங்க முடியாமல் ஒரு பருவம் முழுக்கப் பயிற்சி மட்டும் எடுத்தார். அடுத்து அமெரிக்காவின் ஒமாஹாவில் ஒரு பருவம் ஆடினார். ஜாக்கெட் அப்போதும் வரவில்லை. 1946இல் பெரிய அணிக்கான காகிதம் வந்தபோது பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கினாராம். சம்பளம் போதவில்லையோ என்று ஆடம்ஸ் பதறியிருக்கக்கூடும். சம்பளத்தைப் பற்றிப் பையனுக்கு எந்தப் புகாரும் இல்லை. ஜாக்கெட்டைப் பற்றித்தான் புகார்.

ஆடம்ஸ் அன்றைக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்டார். இவனுக்குத் துணி கொடுத்தால் போதும்.

இதை முழுசாக ரசிக்க அந்தக் கால என்.எச்.எல்., அதாவது தேசிய ஹாக்கி லீக், எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். மொத்தமே ஆறு அணிகள். ஒருமுறை கையெழுத்துப் போட்டால் ஆட்டக்காரன் அணிக்கு அடிமை சாசனம் எழுதிக்கொடுத்த மாதிரி. அவர்களாக விற்கும்வரை நகர முடியாது. சரி, முதலாளிக்கு முதலாளி போட்டியாவது இருந்ததா? டெட்ராய்ட் அணியின் சொந்தக்காரர் ஜேம்ஸ் நோரிஸ். அவர் குடும்பத்துக்கு சிகாகோ அணியிலும் கை, நியூயார்க் அரங்கத்திலும் கை. லீகையே ‘நோரிஸ் வீட்டு லீக்’ என்று கிண்டலடித்தார்கள். பேரம் படியாமல் அடுத்த கடைக்குப் போனால், கல்லாவில் அதே குடும்பம் உட்கார்ந்திருந்தது.

1946 அக்டோபர் 16. டெட்ராய்ட் ஒலிம்பியா அரங்கம். எதிரே டொரொண்டோ மேப்பிள் லீஃப்ஸ். (இந்த அணியை டொரொண்டோவின் ஸ்கார்பரோ தமிழர்களுக்கு அறிமுகப்படுத்தி அவர்கள் மனதைப் புண்படுத்த விரும்பவில்லை. 1967க்குப் பிறகு கோப்பை பார்க்காத அணி. அந்தக் காலத்திலோ வருஷா வருஷம் ஜெயித்தது.) பதினெட்டு வயது ஹாவ் முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். முதுகில் எண் 17. சீக்கிரமே அது 9 ஆக மாறியது. அந்த 9 பிற்பாடு வழிபாட்டுக்குரிய எண்ணாகி, அரங்கத்தின் கூரையிலே தொங்கவிடப்பட்டது. மாற்றத்துக்குக் காரணம் ராசியோ, குருபக்தியோ, எண்கணிதமோ அல்ல. அணி ரயிலில் ஊர் ஊராகப் போகும். சட்டை எண் சிறியதாக இருந்தால் ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைக்கும். அவ்வளவுதான்.

ஐஸ் ஹாக்கி பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக: கோல்காவலரைச் சேர்த்துப் பக்கத்துக்கு ஆறு பேர், கறுப்பு ரப்பர் வட்டு ஒன்று, கையில் மட்டை, காலில் கத்தி. இருபது நிமிட ஆட்டம் மூன்று. மனிதர்களை மோதித் தள்ளுவது ஆட்டத்தின் அங்கம். குத்துச்சண்டை குற்றம்தான். தண்டனை ஐந்து நிமிடம் கூண்டில் உட்கார்ந்திருப்பது. முடித்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து ஆடலாம். சட்டத்தை இவ்வளவு பண்போடு எழுதிவைத்த ஆட்டத்தில் கையில் சிமென்ட் பலமுள்ள ஒருவன் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்?

தொடக்கத்தில் எல்லோரோடும் சண்டை போட்டார். பிறகு இடது பக்கம் டெட் லிண்ட்சே, நடுவில் சிட் ஏபல், வலப்பக்கம் ஹாவ் என்று மூவர் கூட்டணி அமைந்தது. கார் தொழிற்சாலைகளின் ஊராயிற்றே, ‘புரொடக்‌ஷன் லைன்’ என்று பெயர் வைத்தார்கள். 1949-50 பருவத்தில் கோலுக்கும் கோல் உதவிக்கும் சேர்த்துத் தரும் லீகின் புள்ளிப் பட்டியலில் முதல் மூன்று இடமும் இந்த மூவருக்கே. ஆனால் பருவம் முடிந்து, லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பைச் சுற்று தொடங்கிய முதல் நாளே, 1950 மார்ச் 28 அன்று, ஹாவ் டொரொண்டோவின் டெட் கென்னடியை இடிக்கப் பாய்ந்தார். கென்னடி அங்கே இல்லை. பலகைச் சுவர்தான் இருந்தது. மண்டையோடு விரிசல் விட்டு, மூளைக்குள் அழுத்தம் ஏறி, நள்ளிரவில் மண்டையில் துளையிட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். சஸ்கட்டூனிலிருந்து அம்மாவை விமானத்தில் வரவழைத்தார்கள். கோப்பையை டெட்ராய்ட் ஜெயித்தபோது தலைக்கட்டோடு ஆள் பனிமேல் வந்து நின்றார்.

அடுத்த பருவம் என்ன செய்தார் என்றால், ஓய்வெடுக்கவில்லை. 86 புள்ளி எடுத்து லீகிலேயே முதலிடம். காயத்தின் மிச்சமாக முகத்தில் கண் சிமிட்டும் நடுக்கம் மட்டும் தங்கிவிட்டது. அணித் தோழர்கள் இதற்காக மனமுருகி வைத்த செல்லப்பெயர்: ‘பிளிங்கி’. ஹாக்கி வீரர்களின் அனுதாபம் இந்த அளவில்தான் இருக்கும்.

முழங்கைக்கு வருவோம். அதன் செயல்பாடு குறித்துச் சிகாகோவின் ஸ்டான் மிகிட்டா ஆயுள் முழுக்கச் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. புதுப்பையனாக இருந்தபோது மிகிட்டாவின் மட்டை ஹாவின் கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது. ஹாவ் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆட்டம் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. பெரியவர் மறந்துவிட்டார் என்று பையன் நம்பிக்கொண்டிருந்த ஒரு நாள், வட்டு வேறெங்கோ இருக்க, எல்லோரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்க, மிகிட்டாவுக்கு அரங்கத்து விளக்கெல்லாம் அணைந்தது. கண் விழித்தபோது யார் அடித்தது என்று அவருக்கே தெரியவில்லை. பார்த்த ஒரே ஆள் சிகாகோவின் மாற்றுக் கோல்காவலர். அவர் சொன்ன எண் 9. நடுவர் பார்க்கவில்லை. ஹாவின் விசேஷமே அதுதான். நடுவரின் கண் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது வட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

பகிரங்கமாக நடந்த பூஜை 1959 பிப்ரவரி 1 அன்று, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில். கோலுக்குப் பின்னால் ஹாவும் ரேஞ்சர்ஸின் எடி ஷாக் என்ற புதுப்பையனும் மல்லுக்கு நின்றார்கள். பையனைக் காப்பாற்ற லூ ஃபான்டினாட்டோ ஓடிவந்தார். லீகின் முரட்டு வீரன் என்று அன்று பட்டம் வைத்திருந்தவர் அவர். முதல் சில குத்துகள் ஃபான்டினாட்டோவுடையவை. பிறகு ஹாவ் ஒரு கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். மற்றொரு கை வேலை செய்தது. நடுவர்கள் ஏனோ அவசரப்படவில்லை. முடிந்தபோது ஃபான்டினாட்டோவின் மூக்கு முகத்தில் பழைய இடத்தில் இல்லை. ‘லைஃப்’ பத்திரிகை கட்டுப்போட்ட அந்த முகத்தை நாடெங்கும் அச்சிட்டு விற்றது. அதற்குப் பிறகு ஹாவோடு சண்டைக்கு வர ஆளே கிடைக்கவில்லை.

ஒரே ஆட்டத்தில் ஒரு கோல், கோலுக்கு ஒரு உதவி, ஒரு சண்டை என்று மூன்றும் செய்தால் அதற்கு இன்று ‘கோர்டி ஹாவ் ஹாட்ரிக்’ என்று பெயர். என்.எச்.எல்.லில் ஹாவ் அதை எத்தனை முறை செய்தார் என்று பதிவேடுகளைத் தோண்டிப் பார்த்தார்கள். இரண்டே முறை. மூன்றாவது உறுப்புக்கு எதிராளியின் ஒத்துழைப்பும் வேண்டுமே.

1950, 52, 54, 55 என்று நான்கு ஸ்டான்லி கோப்பை. அதிகப் புள்ளி எடுத்ததற்கான விருது ஆறு, சிறந்த ஆட்டக்காரர் விருது ஆறு. இருபது ஆண்டுகள் தொடர்ச்சியாக லீகின் முதல் ஐந்து புள்ளிக்காரர்களில் ஒருவர். 1963 நவம்பரில் மாண்ட்ரியாலின் மாரிஸ் ரிஷார்டின் 544 கோல் சாதனையைத் தாண்டினார். வலக்கையாலும் இடக்கையாலும் கோல் போடுவார். புள்ளிவிவரப் பிரியர்கள் இத்தோடு திருப்தியடைய வேண்டும். இந்தப் புராணத்தின் சுவாரசியம் சம்பள நாளில்தான் இருக்கிறது.

1957இல் டெட் லிண்ட்சே ஒரு காரியம் செய்தார். பென்ஷன் நிதியின் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டார். முதலாளிகள் காட்டவில்லை. உடனே மற்ற அணிக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஆட்டக்காரர் சங்கம் தொடங்கினார். ஜாக் ஆடம்ஸ் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, லிண்ட்சே வாங்கும் சம்பளம் பாரீர் என்று பொய்யாக ஊதிய தொகை ஒன்றைக் காட்டினார்; பிறகு அவரை சிகாகோவுக்கு நாடு கடத்தினார். (சிகாகோ அணியில் யார் கை இருந்தது என்று மேலே பார்த்தோம்.) நவம்பரில் டெட்ராய்ட் ஆட்டக்காரர்கள் சங்கத்திலிருந்து விலகினார்கள். அந்த அணியின் ஆகப் பெரிய மனிதர் அப்போது என்ன செய்தார்? ஃபான்டினாட்டோவின் மூக்கை இடம் மாற்றப்போகிற அதே மனிதர், ஆடம்ஸின் முன்னால் வாயைத் திறக்கவில்லை. பத்து வருஷம் பக்கத்தில் நின்று ஆடிய லிண்ட்சேக்காகக்கூடத் திறக்கவில்லை. இதை நான் மன்னிக்கத் தயாரில்லை. லிண்ட்சேயும் நெடுநாள் வருத்தத்தோடுதான் இருந்தார்.

சம்பள விஷயத்தில் நடைமுறை இன்னும் எளிமையானது. பருவத் தொடக்கத்தில் ஒப்பந்தம் வரும். தொகை எழுத வேண்டிய இடத்தை நிர்வாகமே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவாராம். ஏதோ ஆயிரம் டாலர் ஏற்றிப் போடுவார்கள். லீகிலேயே அதிகச் சம்பளம் உனக்குத்தான் என்று முதுகில் தட்டுவார்கள். அவரும் நம்பினார். நம்பாமல் எப்படி இருப்பது? அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்கள் சம்பளத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அது ஏதோ கௌரவக் குறைச்சல் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே முதலாளிகள்தான்.

இந்த மாயையைக் கலைத்தவர் பாபி பான். 1968இல் டொரொண்டோ வழியாக, ஓக்லாந்து வழியாக டெட்ராய்ட் வந்து சேர்ந்த தடுப்பாட்டக்காரர். நல்ல உழைப்பாளி, ஆனால் அவர் பெயரைச் சொல்லி எவரும் டிக்கெட் வாங்கியதில்லை. அவர் ஒரு நாள் ஹாவை உட்காரவைத்துத் தன் சம்பளத்தைச் சொன்னார். அது ஹாவின் சம்பளத்தைவிட அதிகம். கார்ல் ப்ரூவர் என்ற இன்னொரு தடுப்பாட்டக்காரரை அணி எடுத்தபோது அவருக்கும் ஹாவைவிட அதிகம். நாற்பது வயதில், 103 புள்ளி எடுக்கும் மனிதர், தன் சொந்த அணியிலேயே சம்பளத்தில் மூன்றாமிடம். 103 என்பது அவர் என்.எச்.எல். வாழ்க்கையிலேயே நூறைத் தாண்டிய ஒரே பருவம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹாவ் அப்போதைய முதலாளி ப்ரூஸ் நோரிஸிடம் போனார். ஒரு லட்சம் டாலர் கேட்டார். நோரிஸ் உடனே சரி என்றுவிட்டார். வாழ்க்கையில் இதைவிட அவமானமான சம்மதம் கிடையாது. பேரம் பேசியிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். இத்தனை நாள் ஏன் தரவில்லை என்றால், நீ கேட்கவே இல்லையே என்பதுதான் பதில். அதோடு விட்டாரா? ஹாவின் பெண்டாட்டிக்குப் பேராசை, அவள்தான் தூண்டிவிடுகிறாள் என்றும் குற்றம்சாட்டினார்.

கொலீன் ஹாவைப் பற்றி நோரிஸ் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருந்தது: அவருக்குக் கணக்கு தெரியும். டெட்ராய்டில் ஒரு பவுலிங் கூடத்தில் ஹாவைச் சந்தித்து, 1953இல் கல்யாணம் செய்துகொண்டவர். ஹாக்கி வீரனின் மனைவி என்றால் அரங்கத்தில் நல்ல உடுப்பில் உட்கார்ந்து கைதட்ட வேண்டியது என்ற ஏற்பாட்டில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஊர்ப் பையன்களுக்கு ஜூனியர் அணி ஒன்றைத் தொடங்கினார். கணவரின் ஒப்பந்தங்களைத் தானே கவனிக்கத் தொடங்கினார். ‘மிஸ்டர் ஹாக்கி’ முத்திரையோடு நிற்கவில்லை. ‘மிஸஸ் ஹாக்கி’ என்பதையும் பதிவு செய்து வைத்தார். ஹாக்கிக்கே பெண்டாட்டியாகப் பட்டா வாங்கிய ஒரே பெண்மணி. பெண் ஏஜென்ட் என்றாலே ஆண்கள் சிரித்த காலம் அது. சிரித்தவர்களுக்குப் பில் அனுப்பினார்.

1971இல் மணிக்கட்டு வீக்கத்தோடு ஹாவ் ஓய்வு பெற்றார். டெட்ராய்டுக்கு 25 பருவங்கள், 786 கோல்கள். அணி அவருக்கு ஓர் அலுவலகமும், துணைத் தலைவர் என்ற பட்டமும், செய்வதற்கு ஒன்றுமில்லாத ஒரு மேசையும் கொடுத்தது. இதைக் காளான் வைத்தியம் என்று ஹாவ் பின்னாளில் விளக்கினார்: இருட்டிலேயே வைத்திருப்பார்கள், அவ்வப்போது கதவைத் திறந்து எருவைக் கொட்டுவார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகுதான் அவருக்குப் பேச்சே வந்திருக்கிறது.

இதற்குள் டபிள்யூ.எச்.ஏ. என்று ஒரு போட்டி லீக் முளைத்திருந்தது. என்.எச்.எல்.லின் ஏகபோகத்தை உடைக்கப் பணத்தை வாரி இறைத்தார்கள். இருபது வயது ஆகாத பையன்களை எடுப்பதில்லை என்று பழைய லீக் வைத்திருந்த வழக்கத்தையும் அவர்கள் சட்டை செய்யவில்லை. 1973இல் ஹூஸ்டன் ஏரோஸ் அணி ஹாவின் பிள்ளைகள் இருவரையும் எடுத்தது. மார்ட்டிக்கு 19, மார்க்குக்கு 18. பயிற்சியாளர் பில் டினீன், ஹாவின் பழைய அணித் தோழர். அவரிடம் ஹாவ் குடும்பத்தார் மெதுவாகக் கேட்டார்கள்: மூன்றாவதாக ஒரு ஹாவும் இருக்கிறார், எடுத்துக்கொள்கிறீர்களா? வயது 45. டினீன் விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று முதலில் நினைத்தாராம்.

நான்கு வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர். பேரத்தை யார் பேசினார்கள் என்று ஊகிக்கச் சிரமமில்லை. முதல் நாள் பயிற்சியில் மூச்சு வாங்கி, முகம் கருநீலமாகி, இந்த ஆள் இங்கேயே போய்விடுவார் என்று பார்த்தவர்கள் பயந்தார்கள். பருவ முடிவில் 100 புள்ளி எடுத்து லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அந்த விருதுக்கு லீகைத் தொடங்கியவர்களில் ஒருவரான கேரி டேவிட்சன் பெயர் வைத்திருந்தார்கள். பிறகு அதை அழித்துவிட்டு கோர்டி ஹாவ் கோப்பை என்று மாற்றினார்கள். வாங்கியவர் பெயரையே விருதுக்கு வைப்பது அந்த லீகின் பாணிக்குப் பொருத்தம்தான். 1974, 75 இரண்டு வருஷமும் சாம்பியன் பட்டம் ஹூஸ்டனுக்கு.

பிள்ளைகளோடு ஆடுவதில் ஒரு சௌகரியம்: எவனாவது மார்க்கின் மேல் கைவைத்தால் அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். கைவைத்தவர்கள் சீக்கிரமே வயதுக்கு மரியாதை கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

1977இல் மூவரும் நியூ இங்கிலாந்து வேலர்ஸ் அணிக்குப் போனார்கள். மறுவருஷம் ஜனவரியில் ஹார்ட்ஃபோர்டில் அந்த அணியின் அரங்கக் கூரை பனியின் கனம் தாங்காமல் நள்ளிரவுக்குப் பின் இடிந்து விழுந்தது. அரங்கம் காலியாக இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. கட்டி மூன்று நான்கு வருஷமே ஆன கூரை நிற்கவில்லை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த வலப்பக்க ஆட்டக்காரர் நின்றார்.

1979இல் டபிள்யூ.எச்.ஏ. கடையை மூடியது; அதன் நான்கு அணிகள் என்.எச்.எல்.லுக்குள் சேர்க்கப்பட்டன. ஹார்ட்ஃபோர்டின் வேலர்ஸ் அதில் ஒன்று. ஆக, எட்டு வருஷத்துக்கு முன் வழியனுப்பிவைத்த லீகுக்குள் ஹாவ் பின்வாசல் வழியாகத் திரும்பினார், பேரன் பார்த்த தாத்தாவாக. வயது 51. தலைக்கவசம் இல்லை. அணியின் 80 ஆட்டங்களிலும் ஆடினார். 15 கோல், 26 உதவி. ஐம்பது வயதில் மாடிப்படி ஏறினாலே முட்டி பேசத் தொடங்கிவிடும் என்பது நமக்கெல்லாம் தெரியும். இவரை இருபது வயதுப் பையன்கள் துரத்திக்கொண்டிருந்தார்கள், அல்லது தங்கள் பற்களை உத்தேசித்துத் துரத்தாமல் இருந்தார்கள்.

அந்த வருஷ நட்சத்திர ஆட்டம் 1980 பிப்ரவரியில் டெட்ராய்டில், புத்தம்புதிய ஜோ லூயிஸ் அரங்கத்தில். அறிவிப்பாளர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி அழைத்தார். கடைசி ஆளுக்குப் பெயரே சொல்லவில்லை. ஐந்து பத்தாண்டுகளாக ஆடுகிறவர், எண் 9 என்று மட்டும் சொல்லி நிறுத்தினார். இருபத்தோராயிரம் பேர் எழுந்தவர்கள் உட்காரவே இல்லை. ஹாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஓரத்துக்கு வழுக்கிப்போய் யாரிடமாவது பேச்சுக்கொடுத்துத் தப்பிக்கப் பார்த்தார். எதிரணி வரிசையில் நின்ற பத்தொன்பது வயதுப் பையன் வேய்ன் கிரெட்ஸ்கி, இந்தக் கிழவரைப் பார்த்துத்தான் 9 கேட்டு, அது ஏற்கெனவே வேறொருவரிடம் இருந்ததால் 99 போட்டுக்கொண்டவன். ஒரு வருஷம் முன்பு இருவரும் ஒரே அணியில் மாஸ்கோ டைனமோவுக்கு எதிராக ஆடியபோது, தொளதொளத்த சட்டையோடு நின்ற பையனைப் பார்த்து, ஹாவ் ஊசிநூல் எடுத்துத் தைத்துக்கொடுத்ததாக கிரெட்ஸ்கி சொல்வதுண்டு. பிற்பாடு அந்தப் பையன்தான் 1989இல் ஹாவின் 1,850 புள்ளியையும், 1994இல் 801 கோலையும் தாண்டினான்.

அந்தப் பருவத்தோடு ஆட்டம் முடிந்தது. பென்ஷன் தொடங்கியது. 26 என்.எச்.எல். பருவங்களுக்குக் கிடைத்த பென்ஷனைப் பார்த்தபோது ஹாவுக்கு லிண்ட்சே 1957இல் என்ன கேட்டார் என்பது லேசாகப் புரிந்திருக்க வேண்டும். நிதியில் சேர்ந்த உபரியை அணி முதலாளிகள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ளப் பயன்படுத்தியிருந்தார்கள். நடுவில், 1967இல், ஆலன் ஈகிள்சன் என்ற வழக்கறிஞர் ஆட்டக்காரர் சங்கம் ஒன்றை நிலைநாட்டியிருந்தார். அவர் சங்கத்தைக் கவனித்த லட்சணம் 1998இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனதில் முடிந்தது. அதற்கு முன்னாலேயே சில கிழவர்கள் பொறுமையிழந்தார்கள். முன்னின்றவர் கார்ல் ப்ரூவர், ஹாவைவிட அதிகச் சம்பளம் வாங்கினாரே, அவரேதான். 1991இல் ஏழு பேர் சேர்ந்து டொரொண்டோவில் லீகின் மேல் வழக்குப் போட்டார்கள். அந்த ஏழில் ஒருவர் கோர்டி ஹாவ். இன்னொருவர் எடி ஷாக், மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கோலுக்குப் பின்னால் ஹாவோடு மல்லுக்கு நின்ற புதுப்பையன். மற்றொருவர் ஆண்டி பாத்கேட், ஃபான்டினாட்டோவின் அதே ரேஞ்சர்ஸ் அணிக்காரர். முப்பது வருஷம் ஒருவர் விலாவை ஒருவர் இடித்தவர்கள், எந்தப் பக்கம் இடித்திருக்க வேண்டும் என்று ஒருவழியாகக் கண்டுபிடித்தார்கள். 1992இல் தீர்ப்பு ஆட்டக்காரர்கள் பக்கம். லீக் மேலே மேலே போய்ப் பார்த்தது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1994இல் கதவைச் சாத்தியது. லீக் அவிழ்த்துக்கொடுத்த மூட்டை நாலு கோடி டாலருக்கு மேல்.

1997 அக்டோபர் 3 அன்று, 69 வயதில், டெட்ராய்ட் வைப்பர்ஸ் என்ற சிறு லீக் அணிக்காக ஹாவ் மீண்டும் பனியில் இறங்கினார். ஒரு நிமிடம்கூட நீடிக்காத ஒரே ஒரு சுற்று. அதோடு ஆறு வெவ்வேறு பத்தாண்டுகளில் தொழில்முறை ஹாக்கி ஆடியவர் என்ற கணக்கு பூர்த்தியானது. ஒரு நிமிட ஆட்டமானாலும் முறைப்படி ஒப்பந்தம் உண்டு. ஒரே ஒரு ஆட்டத்துக்கான அந்தக் காகிதத்தை, கோர்டி கையெழுத்துப் போடும் முன் வரி விடாமல் யார் படித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.